பிள்ளை பேரில் பாலிசி போடலாமா? வயது வரம்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமங்கலம், செக்கானூரணி, உசிலம்பட்டி பக்கம் பதினெட்டு வருடமாக இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேலை பார்க்கிறேன். காதுகுத்து மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, டீக்கடையில் நின்றாலும் சரி, என்னைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை பேர்ல ஒரு பாலிசி போடணும், எத்தனை வயசுல போடலாம்?" அதற்கும், அதைத் தொட்டு வரும் மற்ற கேள்விகளுக்கும் இங்கே எழுதி வைக்கிறேன். பாலிசி விற்றால் எனக்குக் கமிஷன் உண்டு என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

பிறந்த குழந்தைக்கு உடனே போட முடியுமா?

எந்தத் திட்டம் என்பதைப் பொறுத்தது. எல்.ஐ.சி.யின் சில்ட்ரன்ஸ் மணி பேக் திட்டத்தில் பிறந்த குழந்தையையே, அதாவது 0 வயதிலேயே சேர்க்கலாம். 2024 பிப்ரவரியில் வந்த அம்ரித்பாலில் பிள்ளைக்கு 30 நாள் ஆகியிருக்க வேண்டும். ஜீவன் தருணில் 90 நாள். போஸ்ட் ஆபீஸில் போடுகிற குழந்தைகள் பாலிசிக்கு 5 வயது முடிந்திருக்க வேண்டும். திட்டங்களை அவ்வப்போது நிறுத்துவார்கள், எண்ணை மாற்றித் திரும்ப விடுவார்கள், அதனால் பணத்தோடு போவதற்கு முன்னால் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முடியுமா என்பது ஒன்று, அவசரமா என்பது வேறு. பிரசவமான வீட்டில் பதினாறாம் நாள் பேர் வைக்கும்போதே பாலிசி கையெழுத்து வாங்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். தாய்க்கு இன்னும் பத்தியம் முடிந்திருக்காது. ஒரு மாதம் கழித்துப் போட்டால் எதுவும் குறைந்துவிடாது. ஏன் என்பதை மூன்றாவது கேள்வியில் சொல்கிறேன்.

அதிகபட்சம் எத்தனை வயது வரைக்கும்?

சில்ட்ரன்ஸ் மணி பேக், ஜீவன் தருண் இரண்டுக்கும் 12. அம்ரித்பாலுக்கு 13. இந்த வயதை முடிந்த பிறந்தநாளை வைத்துக் கணக்கிடுவார்கள். 12 வயதும் 11 மாதமும் ஆன பிள்ளை, கணக்குப்படி 12 வயதுப் பிள்ளைதான். ஆனால் அதை நம்பிக் கடைசி மாதம் வரை இழுக்காதீர்கள். பேரையூர் பக்கத்தில் ஒருவர், மகளுக்குப் பதின்மூன்று வயது ஆக மூன்று வாரம் இருக்கும்போது வந்தார். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறவில்லை. அதை ஏற்றி வாங்கிக்கொண்டு வருவதற்குள் பிறந்தநாள் போய்விட்டது, அந்தத் திட்டமும் போய்விட்டது.

வயது தாண்டிவிட்டால் எல்லாமே அடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எல்.ஐ.சி.யின் நியூ எண்டோவ்மென்ட், ஜீவன் லாப் மாதிரியான பொதுத் திட்டங்களில் 8 வயது முடிந்தாலே சேர்க்கலாம், 14, 15 வயதுப் பிள்ளைக்கும் போடலாம். போஸ்ட் ஆபீஸில் 20 வயது வரை குழந்தைகள் பாலிசி உண்டு. டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் பணம் வரும் (இதைத்தான் உயிர் கவர் என்கிறோம்), காலம் முடிந்தால் பணம் திரும்பாது என்கிற வகை, 18 வயதுக்குக் கீழே யாருக்கும் கிடையாது.

பாலிசி போட்ட அன்றைக்கே பிள்ளைக்கு முழு கவர் வந்துவிடுமா?

வராது. எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் வராது. பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத விஷயமும், ஏஜெண்டுகள் வேகமாகத் தாண்டிப் போகிற விஷயமும் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நான் மேலே சொன்ன மூன்று எல்.ஐ.சி. குழந்தைத் திட்டங்களிலும் விதி இதுதான். பிள்ளைக்கு எட்டு வயது நிறையவில்லை என்றால், பாலிசி தொடங்கி இரண்டு வருடம் கழித்து, அல்லது பிள்ளைக்கு எட்டு வயது நிறைந்த பிறகு வருகிற பாலிசி ஆண்டு நாளில் (பாலிசி தொடங்கிய தேதி வருடா வருடம் திரும்ப வருகிற நாள்), இந்த இரண்டில் எது முதலில் வருகிறதோ அன்றைக்குத்தான் உயிர் கவர் தொடங்கும். எட்டு வயதுக்கு மேல் என்றால் பாலிசி ஏற்கப்பட்டதுமே தொடங்கிவிடும்.

ஒரு வயதுக் குழந்தைக்கு 2025 ஜூனில் போட்டால் 2027 ஜூனில்தான் கவர். ஏழே கால் வயதுப் பையனுக்கு அதே ஜூனில் போட்டால், அவனுக்கு 2026 மார்ச்சில் எட்டு முடியும், அதற்கடுத்த ஆண்டு நாள் 2026 ஜூன், அன்றைக்கே கவர் வந்துவிடும். அந்த இடைக்காலத்தில் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் கட்டிய பிரீமியம் மட்டும் திரும்ப வரும். பாலிசித் தொகை வராது, போனஸ் வராது, வட்டி வராது.

வாடிப்பட்டி தாண்டி ஒரு கிராமத்தில் என்னிடம் பாலிசி போட்ட ஒரு கொத்தனார் வீட்டில், எட்டு மாதம் கழித்து அந்தக் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. துக்கம் கேட்கப் போயிருந்தேன். மூன்று வாரம் கழித்து அவரே பாண்டுப் பேப்பரை, அதாவது பாலிசிப் பத்திரத்தை, மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு லட்ச ரூபாய் பாலிசி, பிள்ளையின் ஆஸ்பத்திரிக் கடனையாவது அடைக்கலாம் என்று நினைத்திருக்கிறார். கட்டிய பணம்தான் வரும் என்று நான் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. "இத நீங்க மொதல்ல சொல்லலயேண்ணே" என்று மட்டும் சொன்னார். உண்மைதான், நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் இந்த விதியைத்தான் முதலில் சொல்கிறேன், கேட்டுவிட்டு வேண்டாம் என்பவர்களும் உண்டு, பரவாயில்லை.

ஏன் இப்படி ஒரு விதி?

பிள்ளை சம்பாதிப்பதில்லை. இன்சூரன்ஸ் என்பது ஒருவர் போனால் வீட்டுக்கு நிற்கிற வருமானத்துக்கு ஈடு, அந்தக் கணக்கில் கைக்குழந்தைக்குப் பெரிய தொகை போட நியாயம் இல்லை. இன்னொன்று, சொல்லவே வாய் கூசுகிற காரணம். பச்சைப்பிள்ளையின் உயிர்மேல் பெரிய பணம் நிற்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் தொழிலில் நெடுங்காலமாகவே ஒரு பயம் உண்டு. அதனால்தான் குழந்தைத் திட்டங்கள் எல்லாமே சேமிப்பு மாதிரிதான் இருக்கும், கவர் சின்னதாக ஓரமாக இருக்கும்.

அப்படியானால் பிள்ளைக்குப் போடுவதா, அப்பா அம்மாவுக்குப் போடுவதா?

சம்பாதிக்கிறவருக்கு முதலில். இதை என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன், என் கமிஷன் குறைந்தாலும் சொல்கிறேன்.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். இரண்டு பிள்ளைகள் பேரிலும் வருடம் இருபதாயிரம், இருபதாயிரம் கட்டுகிறார், தன் பேரில் ஒன்றும் இல்லை. நாளைக்கு அவர் இல்லை என்றால் பிள்ளைகளுக்கு ஒரு ரூபாய் வராது, ஏனென்றால் அந்தப் பாலிசியில் உயிர் கவர் பிள்ளைகளுக்குத்தான், அப்பாவுக்கு இல்லை. அதைவிட மோசம், அடுத்த வருட டியூ கட்ட ஆள் இல்லாமல் அந்த இரண்டு பாலிசியும் நின்றுபோகும். பிள்ளைக்காக என்று போட்டது பிள்ளைக்கு வேண்டிய நேரத்தில் உதவாமல் போகும்.

அதனால் வரிசை இப்படி. முதலில் பேங்க்கில் அல்லது போஸ்ட் ஆபீஸில் கணக்கு இருந்தால் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டம். வருடம் 436 ரூபாய், 18 முதல் 50 வயது வரை சேரலாம், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். புதிதாகச் சேர்ந்தால் முதல் 30 நாளுக்கு விபத்து மரணம் மட்டும்தான் கணக்கில் வரும். அதோடு 20 ரூபாய் விபத்துப் பாலிசி, அதற்கு 70 வயது வரை. இவை இரண்டும் சேர்த்து வருடத்துக்கு 456 ரூபாய், மே மாதக் கடைசியில் தானாகப் பிடிப்பதற்குக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாமல் விட்டுப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம், வருமானத்துக்கு ஏற்றபடி ஒரு டேர்ம் பாலிசி. அதற்கு அப்புறமும் கையில் மிச்சம் இருந்தால் பிள்ளை பேரில் போடலாம்.

அம்மா சம்பாதித்தால் அம்மா பேரிலும் இதே வரிசைதான். செல்லூர்ப் பக்கம் தறி ஓட்டி, சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுக் குடும்பம் நடத்துகிற பெண்களுக்கு வீட்டில் யாரும் பாலிசி போடுவதில்லை. அவர் வருமானம் நின்றாலும் அடுப்பு எரியாதுதானே.

அப்பா இறந்தால் பிரீமியம் கட்ட வேண்டாம் என்று சொல்கிறார்களே?

அது தானாக வருவதில்லை. எல்.ஐ.சி. குழந்தைத் திட்டங்களில் பிரீமியம் தள்ளுபடி ரைடர், அதாவது பாலிசியோடு வாங்கும் கூடுதல் வசதி, என்று தனியாகச் சேர்க்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் கூடுதல் பணம். பாலிசி எடுக்கிற அப்பா அல்லது அம்மாவுக்கு 18 முதல் 55 வயதுக்குள் இருக்க வேண்டும். சேர்த்திருந்தால், அவர் இறந்த பிறகு வருகிற டியூவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், பிள்ளைக்கு வர வேண்டியது முழுதாக வரும். பிள்ளை பேரில் போடத்தான் வேண்டும் என்றால் இந்த ரைடர் இல்லாமல் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டவர்கள் பாண்டுப் பேப்பரை எடுத்து ரைடர் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

தனியார் கம்பெனிகள் விற்கிற சைல்டு பிளான் பெரும்பாலும் வேறு வகை. அதில் உயிர் கவர் அப்பா அல்லது அம்மாவுக்கு, பிள்ளை பணம் பெறுகிறவர் மட்டும். பெற்றவர் இறந்தால் ஒரு தொகை உடனே வரும், பிரீமியம் நிற்கும், முதிர்வுப் பணமும் அந்தத் தேதியில் வரும். விளம்பரத்தில் இரண்டு வகைக்கும் ஒரே மாதிரி சிரிக்கிற குழந்தைப் படம்தான் போட்டிருப்பார்கள். யாருடைய உயிருக்குக் கவர் என்று கேளுங்கள், அந்த ஒரு கேள்வியில் எல்லாம் தெரிந்துவிடும்.

தாத்தா பாட்டி போடலாமா? தாய்மாமன் போடலாமா?

எல்.ஐ.சி. சில்ட்ரன்ஸ் மணி பேக்கில் தாத்தா பாட்டி பேரப்பிள்ளைக்குப் போடலாம். ஆனால் அவர்கள் 55 தாண்டியிருந்தால் மேலே சொன்ன ரைடர் கிடைக்காது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தாய்மாமனுக்கு வழி இல்லை, சட்டப்படி கார்டியனாக இருந்தால் ஒழிய. நம் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துகிறோம், சீர்வரிசை அவர்தான் கொண்டுவருகிறார், இன்சூரன்ஸ் விதியில் மட்டும் அவருக்கு இடம் இல்லை என்றால் கோபம் வரத்தான் செய்கிறது. செய்ய ஆசைப்பட்டால் பணத்தை அக்கா தங்கையிடம் கொடுத்துவிடுங்கள், பிள்ளைக்கான பாலிசியை அவர்களே எடுக்கட்டும்.

18 வயது ஆனதும் பாலிசி யாருடையது?

பிள்ளையுடையது. 18 முடிந்து வருகிற ஆண்டு நாளில் பாலிசி தானாகவே பிள்ளைக்குச் சொந்தமாகிவிடும். அதற்குப் பிறகு அப்பா கையெழுத்துப் போட்டு லோன் வாங்க முடியாது, சரண்டர் செய்ய, அதாவது பாதியில் முடித்துப் பணம் வாங்க முடியாது.

1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி மைனர் ஒப்பந்தம் போட முடியாது. மைனர் எழுதிக்கொடுத்த பத்திரம் செல்லவே செல்லாது என்று 1903இல் அன்றைய மேல் நீதிமன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லி, இன்றைக்கும் அதுதான் நடைமுறை. அதனால்தான் பிள்ளைக்காகப் பெற்றவர் கையெழுத்துப் போடுகிறார், பிள்ளைக்கு வயது வந்ததும் அந்த உரிமை மாறுகிறது.

இங்கே எல்லோரும் மறக்கிற ஒரு வேலை இருக்கிறது. மைனராக இருக்கும் வரை அந்தப் பாலிசியில் நாமினி போட முடியாது. 18 ஆனதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போய் நாமினி எழுதி, பேங்க் கணக்கு, பான் கார்டு விவரங்களைப் பதிந்துவிட வேண்டும். சில்ட்ரன்ஸ் மணி பேக்கில் 18, 20, 22 வயதில் பாலிசித் தொகையில் தலா 20 சதவீதம் வரும், 25இல் மீதி 40 சதவீதமும் போனஸும் வரும். அந்த 18ஆவது வயதுப் பணம் பிள்ளையின் கணக்குக்குத்தான் போகும். கல்லூரிப் பீஸுக்கு என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், பையன் பைக்குக்கு என்று நினைத்திருப்பான், இதை முன்னாலேயே உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்வது நல்லது.

என்ன சான்றிதழ் வேண்டும்? ஆதார் போதுமா?

பிறப்புச் சான்றிதழ்தான் சரியான வயதுச் சான்று, பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்குப் பள்ளிச் சான்றிதழும் எடுத்துக்கொள்வார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டமே வந்துவிட்டது.

பிறந்து 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே பதிந்துவிடுகிறார்கள், ஆனால் பெயர் இருக்கிற இடம் வெறுமையாக இருக்கும். ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்கு மேல் கட்டணத்தோடு 15 வருடம் வரை. சான்றிதழில் "சு. கவின்", ஆதாரில் "கவின் சுரேஷ்", பள்ளியில் "கவின்குமார்" என்று இருந்தால் முதிர்வுப் பணம் வாங்கும்போது இழுத்தடிக்கும். இனிஷியலையும் எழுத்தையும் ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டு அப்புறம் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

8 சதவீதம் உறுதி என்கிறார்கள், பேங்க்கைவிட நல்லதுதானே?

அம்ரித்பாலில் வருடத்துக்கு ஆயிரத்துக்கு 80 ரூபாய் உறுதியாகச் சேரும், அது உண்மை. ஆனால் எதற்கு 80 என்று பாருங்கள். அடிப்படைப் பாலிசித் தொகைக்குத்தான், நீங்கள் கட்டும் பணத்துக்கு இல்லை. வட்டிக்கு வட்டியும் கிடையாது.

5 லட்சத்துக்கு 20 வருடப் பாலிசி என்றால் வருடம் 40,000 சேரும், இருபது வருடத்தில் 8 லட்சம், பாலிசித் தொகை 5 லட்சம், ஆக மொத்தம் 13 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே எட்டு சதவீதம் கூட்டு வட்டியாக இருந்தால் 5 லட்சம் இருபது வருடத்தில் 23 லட்சத்தைத் தாண்டியிருக்கும். பாலிசி ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, எட்டு என்ற எண்ணைக் கேட்டு எஃப்.டி.யோடு ஒப்பிடாதீர்கள் என்று சொல்கிறேன். கட்டுகிற பணத்தையும் கட்டுகிற வருடத்தையும் வைத்து நான் போட்டுப் பார்த்த வரையில் இந்த மாதிரி எண்டோவ்மென்ட் வகைப் பாலிசிகள், அதாவது சேமிப்பும் கவரும் சேர்ந்தவை, ஐந்து, ஆறு சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன.

பெண் பிள்ளைக்கு செல்வமகள் நல்லதா, பாலிசி நல்லதா?

சேமிப்பு மட்டும்தான் நோக்கம் என்றால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு, யோசிக்கவே வேண்டாம். பத்து வயதுக்குள் போஸ்ட் ஆபீஸிலோ பேங்க்கிலோ தொடங்க வேண்டும். வருடம் குறைந்தது 250, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 வருடம் கட்டினால் போதும், 21ஆவது வருடம் முதிரும். 18 வயது ஆனதும் அல்லது பத்தாம் வகுப்பு முடித்ததும் படிப்புக்குப் பாதி எடுக்கலாம். 2024 ஜனவரியிலிருந்து வட்டி 8.2 சதவீதம், இது கூட்டு வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு வட்டியை அறிவிக்கும்.

பையன்களுக்கு பொன்மகன், அது பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்குதான், வருடம் 500 ரூபாயிலிருந்து கட்டலாம்.

ஆனால் செல்வமகளில் அப்பா இறந்தால் மிச்சத் தவணையைக் கட்ட யாரும் வர மாட்டார்கள். அதனால் செல்வமகளோடு அப்பா பேரில் ஒரு டேர்ம் பாலிசி, இந்த இரண்டும் சேர்ந்தால் எந்தக் குழந்தைப் பாலிசியையும்விட உறுதியானது. இப்படிச் சொன்னால் மற்ற ஏஜெண்டுகள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும், என் மகளுக்கு நான் செய்திருப்பதும் இதுதான்.

போஸ்ட் ஆபீஸ் குழந்தைகள் பாலிசி என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அஞ்சல் ஆயுள் காப்பீடு 1884இல் தொடங்கியது, கிராமத்தில் இருப்பவர்களுக்கான கிராமிய அஞ்சல் காப்பீடு 1995இல் வந்தது. இரண்டிலும் குழந்தைகள் பாலிசி உண்டு.

முதலில் அப்பா அல்லது அம்மா அங்கே ஒரு பாலிசி வைத்திருக்க வேண்டும், அவர் வயது 45 தாண்டக் கூடாது. பிள்ளைக்கு 5 முதல் 20 வயது. இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும். தொகை அஞ்சல் காப்பீட்டில் 3 லட்சம் வரை, கிராமியத்தில் 1 லட்சம் வரை, அதுவும் பெற்றவர் பாலிசித் தொகைக்கு மேல் போகக் கூடாது. பிடித்த விஷயம் என்னவென்றால், பெற்றவர் இறந்தால் பிள்ளை பாலிசிக்கு அப்புறம் பிரீமியமே கிடையாது, தனி ரைடர் எல்லாம் வேண்டாம். பெற்றவருக்கு முதலில் பாலிசி போடச் சொல்கிற விதியும் எனக்குப் பிடிக்கும். கடன் மட்டும் வாங்க முடியாது.

பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது, இதயத்தில் ஓட்டை என்று சொல்லியிருக்கிறார்கள். எழுதணுமா?

எழுதணும். ஆஸ்பத்திரிச் சீட்டோடு எழுதுங்கள். கூடுதல் பிரீமியம் கேட்கலாம், தள்ளிப்போடலாம், மறுக்கலாம், அதெல்லாம் மறைத்துவிட்டுப் பின்னால் கிளைம் நிற்பதைவிட மேல். பாலிசி தொடங்கி மூன்று வருடம் தாண்டினால் கம்பெனி அந்தப் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்று இன்சூரன்ஸ் சட்டம் 45ஆவது பிரிவு சொல்கிறது, அதை நம்பி மறைக்கச் சொல்கிற ஏஜெண்டிடம் பாலிசி போடாதீர்கள்.

நடுவில் கட்ட முடியாமல் போனால்?

வருடம், அரை வருடம், காலாண்டு என்று கட்டுகிறவர்களுக்கு 30 நாள் அவகாசம், மாதம் கட்டுகிறவர்களுக்கு 15 நாள். அதற்குள் கட்டாவிட்டால் லேப்ஸ், அதாவது பாலிசி நின்றுவிடும். ஐந்து வருடத்துக்குள் பாக்கியையும் வட்டியையும் கட்டி உயிர்ப்பிக்கலாம். ஒரு வருடப் பிரீமியம் முழுதாகக் கட்டி அந்த வருடமும் முடிந்திருந்தால், சரண்டர் செய்யும்போது ஒரு தொகை தர வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் விதி மாறியிருக்கிறது. முன்னால் ஒரு வருடம் கட்டி விட்டவர்களுக்கு ஒன்றுமே வராது. ஆனாலும் ஆரம்பத்தில் சரண்டர் செய்தால் நஷ்டம்தான்.

எந்த மாதம் டியூ வருகிறது என்பதை முதலிலேயே யோசியுங்கள். மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறவர் மார்கழியில் டியூ வருகிற மாதிரி போட்டால் சிரமப்படுவார், அப்போது பூவே வராது. சித்திரை வைகாசியில் கூடை கூடையாக இறங்கும். நெல்லுக்காரருக்கு அறுவடை முடிந்த மாதம். கையில் காசு புழங்குகிற மாதத்தில் பாலிசியைத் தொடங்கினால் வருடா வருடம் அந்த மாதத்தில்தான் டியூ வரும். விண்ணப்பத்தில் எந்தத் தேதி எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது இது, யாரும் சொல்லித் தருவதில்லை.

என் பேரில் உள்ள பாலிசிக்கு என் மகனையே நாமினி போடலாமா? அவனுக்கு ஆறு வயது.

போடலாம், கூடவே ஒரு அப்பாயின்டி பெயர் எழுதணும். மகன் 18 ஆவதற்குள் உங்களுக்கு ஏதாவது ஆனால் பணத்தை அவனுக்காக வாங்கிக்கொள்கிறவர் அவர். அந்த இடத்தைக் காலியாக விட்ட பாண்டு நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடன் உள்ளவர்கள், வியாபாரம் செய்கிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1874ஆம் வருடத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் உங்கள் பாலிசியை மனைவி, பிள்ளைகள் பேரில் எழுதி வாங்கலாம். அப்படி எழுதினால் அந்தப் பணத்தைக் கடன்காரர் தொட முடியாது. பாலிசி எடுக்கும்போதே எழுதணும், பின்னால் சேர்க்க முடியாது.

வரி, ஜி.எஸ்.டி.?

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பிள்ளை பேரில் கட்டுகிற பிரீமியத்தை வருமான வரிக் கழிவுக்கு ஒன்றரை லட்சத்துக்குள் காட்டலாம், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

ஏஜெண்ட் சொன்னதும் பாண்டில் இருப்பதும் வேறாக இருந்தால்?

பாண்டு கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், சின்னப் பிடித்தம் போகப் பணம் திரும்ப வரும். அதனால் பாண்டு வந்த அன்றைக்கே பீரோவில் பூட்டாதீர்கள். பிள்ளை பெயர், பிறந்த தேதி, கவர் தொடங்கும் தேதி, ரைடர், முதிர்வுத் தேதி, இந்த ஐந்தையும் விரல் வைத்துப் படியுங்கள்.

30 நாள் தாண்டிவிட்டால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான வழக்கை எடுத்துக்கொள்வார்கள். கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

காதுகுத்தில் மொய் வந்த பணம் இரண்டு லட்சம் இருக்கிறது. மொத்தமாகப் பிள்ளை பேரில் போட்டுவிடலாமா?

போன ஆவணியில் ஒரு தம்பி இதைக் கேட்டார், மண்டபத்து வாசலிலேயே. மொய்ப் பணம் உங்கள் பணம் இல்லை, திரும்பச் செய்ய வேண்டிய பணம். பாலிசிக்குள் போனால் பதினைந்து இருபது வருடம் வெளியே வராது, அதற்குள் அந்த இரண்டு லட்சம் செய்தவர்கள் வீட்டில் எத்தனை விசேஷம் வரும்?

வீட்டுக்குப் போய் மொய் நோட்டைப் பிரித்து, வருகிற தையிலும் வைகாசியிலும் யார் யாருக்குச் செய்ய வேண்டியிருக்கும் என்று பென்சிலால் குறிக்கச் சொன்னேன். அவருடைய மனைவி குறித்தார். ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் வந்தது. அதைப் பேங்க்கில் போட்டார்கள். ஒரு கடனை அடைத்தார்கள். அவர் பேரிலும் அவர் மனைவி பேரிலும் ஜீவன் ஜோதி எழுதினோம், மகளுக்குத் திருமங்கலம் போஸ்ட் ஆபீஸில் செல்வமகள் கணக்கு ஆயிரம் ரூபாயில் தொடங்கியது. டேர்ம் பாலிசிக்கு வருகிற மாதம் மெடிக்கல் போகிறார்.